கிறிஸ்துமஸ் காலத்தில் தெருவில் தங்குகிறவர்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பது எப்படி: குமரி மாவட்டச் சபைகளுக்கான செய்முறை

டிசம்பர் 24 இரவிலும் 25 மதியத்திலும் நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் பேருந்து நிலையங்களில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு சபையின் வண்டி நகர்ந்ததும் அடுத்த சபையின் வண்டி வந்து நிற்கும். மூன்றாவது பொட்டலத்தை நீட்டினாலும் வாங்குகிறவர் மறுப்பதில்லை; நாளைக்கு ஆகட்டும் என்று தலைமாட்டில் வைத்துக்கொள்வார். விடியும்போது அந்தச் சோறு நூல் விட்டிருக்கும். 27-ஆம் தேதி அதே ஆளுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

குமரியில் கொடுக்க மனசில்லாத சபை கிடையாது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தவறுவது தேதியிலும், பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும், கொடுக்கும் விதத்திலும்தான். கொடுத்தது மறுநாள் காலையிலும் அவருக்கு உதவ வேண்டும் என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவது எல்லாம் அதையொட்டியதே.

முதலில் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-இல் முடிகிறது. திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து வந்து உட்காருகிறவர்கள் அதன்பின் கிளம்பிவிடுவார்கள். ஆகவே கணக்கெடுப்பை டிசம்பர் 5-க்குப் பிறகு வையுங்கள். கன்னியாகுமரி ஊருக்குள் நிலைமை வேறு. கார்த்திகை தொடங்கித் தை பிறக்கும் வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் அங்கே கையேந்துகிறவருக்குச் சில்லறையும் சாப்பாடும் ஓரளவு கிடைத்துவிடும். அதே நாட்களில் உள்ளூர்ச் சந்தைத் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு பாட்டாவை (தாத்தாவை) யாரும் பார்ப்பதில்லை. வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வடசேரி பேருந்து நிலையம், மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம், நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையத்தின் வெளிப்புறம், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடிப்பகுதி, தக்கலை, குளச்சல், களியக்காவிளை பேருந்து நிலையங்கள், சந்தைகளின் உள் திண்ணைகள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகம். மருத்துவமனையில் இரவு தரையில் படுத்திருப்பவர்களில் நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் அதிகம். அவர்களுக்கு வீடு உண்டு. ஆனால் மலையோரத்திலிருந்து வந்தவருக்கு ஒரு வாரம் மூன்று வேளை வெளியே வாங்கிச் சாப்பிடக் கட்டுப்படியாகாது. பட்டியலில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை, விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை போங்கள். மழை பெய்யும் நாளில் இன்னொரு முறை. மழைக்கு ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். வறண்ட நாளில் எடுத்த கணக்கு ஈரமான இரவில் செல்லாது. மூன்று பேர் போதும், அதில் ஒரு பெண் கட்டாயம். வேன், பேனர், கேமரா எதுவும் வேண்டாம். பேச்சுக்கு ஏற்ற நேரம் காலைதான். இரவில் களைப்பு, சிலருக்குப் போதை, தனியாகப் படுத்திருக்கும் பெண்களுக்குப் பயம். "பாட்டா, சாயா குடிப்பமா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி விவரம் வந்துவிடும். ஊர் எது, ஏன் வந்தீர்கள் என்று துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

நோட்டில் குறிக்க வேண்டியவை: படுக்கும் இடம், ஏறக்குறைய வயது, ஆணா பெண்ணா, பல் இருக்கிறதா, சர்க்கரை வியாதி உண்டா, செருப்பு அளவு, கால் புண், கையில் இருக்கும் மாத்திரைச் சீட்டு, பேசும் மொழி. பெயர் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் இடமே அடையாளம். கால்களைப் பார்க்க மறக்காதீர்கள். ஈரத்திலேயே நடக்கிறவர்களுக்கு விரலிடுக்கு வெந்து வெளுத்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலில் ஓட்டை விழுந்தாலும் வலி தெரியாது. நாற்றம் அடிக்கும் புண்ணுக்கும் புழு வைத்த புண்ணுக்கும் நீங்களே மருந்து போட்டுக் கட்டக் கூடாது. மேலே கட்டிவிட்டால் உள்ளே சீழ் கோர்க்கும். அன்றைக்கே ஆசாரிப்பள்ளத்துக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஒருவர் கூடப் போக வேண்டும். நடக்க முடியாதவருக்கு 108.

தேதியைப் பங்கு போடுங்கள்

பட்டியல் கையில் வந்ததும் அந்த இடத்துக்கு வழக்கமாக வருகிற மற்றவர்களோடு பேசுங்கள். கத்தோலிக்கப் பங்கின் அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு), வின்சென்ட் தே பால் சபை, சி.எஸ்.ஐ. சேகரத்தின் பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் எல்லோரும் ஒரே பேருந்து நிலையத்துக்குத்தான் போகிறார்கள். இடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் சபைக்கு ஒருவர், டிசம்பர் 20 முதல் ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் ஒரு தேதி அட்டவணை. அவ்வளவு போதும். 25-ஆம் தேதியை எல்லோரும் கேட்பார்கள். சீட்டுப் போட்டுக் கொடுங்கள். கிடைக்காதவர்கள் 27, 28, 29-ஐ எடுத்துக்கொள்ளட்டும். டிசம்பர் 31 இரவை விட்டுவிடாதீர்கள். ஊரே ஆராதனையில் இருக்கும், கடைகளும் சீக்கிரம் அடைத்துவிடும். தெருவில் இருப்பவர் வெறும் வயிற்றோடு படுக்கிற இரவு அது.

கடற்கரை ஊர்களுக்கு டிசம்பர் 26 வேறு நாள். 2004-இல் சுனாமி வந்த நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கங்களில் அன்று நினைவுத் திருப்பலியும் கல்லறையில் மெழுகுவர்த்தியும் இருக்கும். அன்றைக்குக் கேக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷமுமாக அங்கே போகாதீர்கள். போகிறீர்கள் என்றால் கல்லறைக்குப் போங்கள், கூட நில்லுங்கள். உதவிப் பொருளை வேறொரு நாள் கொடுக்கலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஆளைக் கொண்டுபோன வீடுகளுக்கும் இந்தச் சில வாரங்கள் கனமானவை.

சாப்பாடு

பிரியாணி கொடுப்பது நமக்குச் சந்தோஷம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், பல் இல்லாதவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள். 25-ஆம் தேதி ஒருவேளை பிரியாணி இருக்கட்டும், பண்டிகைக்கு அது வேண்டும்தான். மற்ற நாட்களில் புழுங்கலரிசிச் சோறு, கெட்டியான சாம்பார், ஒரு முட்டை, ஒரு பொரியல். காரம் பாதி. 100 பேருக்குக் கணக்கு இது:

- புழுங்கலரிசி 12 கிலோ (ஆளுக்கு 120 கிராம், ஒருவேளைதான் சாப்பிடுகிறவர்கள் என்றால் 15 கிலோ)
- துவரம்பருப்பு 3 கிலோ
- சாம்பாருக்கும் பொரியலுக்குமாகக் காய்கறி 12 கிலோ
- முட்டை 105, ஐந்து உடையும் என்று வைத்து
- எண்ணெய் ஒன்றரை லிட்டர்
- ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) 100

நம் ஊர்ச் சமையலில் ஒரு சிக்கல் உண்டு. எதிலும் தேங்காய் அரைத்து ஊற்றாமல் நமக்குக் கை ஓடாது. வீட்டில் உடனே சாப்பிடச் சரி, தெருவுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டில் முதலில் கெடுவது அதுதான். அவியல், தீயல், தேங்காய் அரைத்த குழம்பு, பச்சடி எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மீன்குழம்பும் வேண்டாம். முள் பார்க்க வெளிச்சம் இல்லாத இடத்தில் பாட்டாவுக்கு மீன் கொடுப்பது தொண்டையில் முள்ளைக் கொடுப்பதுதான். குழைய அவித்த மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) பல் இல்லாதவர்களுக்கு நல்லது, ஆனால் சூடாக அங்கேயே பரிமாறினால் மட்டும்.

முடிந்தவரை பொட்டலம் கட்டாதீர்கள். பாத்திரத்தோடு கொண்டுபோய் இலையிலோ அவரவர் தட்டிலோ பரிமாறுங்கள். சுடுசோற்றை மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்து, அந்த நீரில் சோறு புளிக்கிறது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது அவை முளைத்து நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் வீட்டில் இருப்பவர் கழிப்பறைக்குப் போவார். பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர் காசு கொடுத்துப் போக வேண்டும், அதுவும் இரவில் பூட்டியிருக்கலாம்.

ஆகவே நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். இரவு 8 மணிக்குக் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமானால் 7 மணிக்குப் பரிமாற ஆரம்பிக்க வேண்டும், 6 மணிக்கு அடுப்பை அணைத்திருக்க வேண்டும். மதியம் சமைத்து, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கேரல் பவனி முடித்துவிட்டு இரவு 11 மணிக்குக் கொண்டுபோகிற வழக்கம்தான் பெரும்பாலும் வயிற்றைக் கெடுக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கியதை ஹாட் பாக்ஸிலோ, கொதி அடங்குமுன் இறுக மூடிய பாத்திரத்திலோ வைத்து 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்டியால் எடுக்கும்போது ஆவி எழவில்லை என்றால் அது இறங்கிவிட்டது. சூடு ஆறி இரண்டு மணி நேரம் கடந்ததைக் கொடுக்கவே கூடாது. மனசு கேட்காது, என்றாலும் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வாட்டிய வாழை இலையில் கட்டுங்கள். நடு நரம்பைச் சீவிவிட்டு, அடிப்பக்கம் தீயில் படும்படி தணலுக்கு மேலே மெதுவாக இழுத்தால் இலை பளபளப்பாகிக் கரும்பச்சை ஆகும். அப்போது மடித்தால் கிழியாது. நிறம் மாறாத இடம் பச்சையாகவே இருக்கிறது, அங்கேதான் கிழியும். வெளியே வெறும் பழுப்புத் தாள் சுற்றி வாழைநாரால் கட்டுங்கள். செய்தித்தாளின் மை சாப்பாட்டில் ஒட்டும். பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. காற்றும் மழையும் அடித்த வாரத்தில் கிழியாத இலை கிடைப்பது கஷ்டம், பண்டிகை நேரத்தில் விலையும் ஏறும். வடசேரி கனகமூலம் சந்தையிலோ உங்கள் ஊர்ச் சந்தையிலோ இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். கட்டிய நேரத்தைத் தாளின் மேல் பேனாவால் எழுதுங்கள்.

தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், அவருடைய தலைமாட்டில் சோற்றுப் பொட்டலமும் வைக்க வேண்டாம். நாய் இழுக்கும், எறும்பு ஏறும், மீந்ததைக் காலையில் அவர் சாப்பிடுவார். அவருக்கு இரண்டு ஏத்தன்பழம், ஒரு பாக்கெட் ரஸ்க், ஒரு பாட்டில் தண்ணீர். இவை மறுநாளும் கெடாது.

பலகாரம் கட்டாயம் கொடுங்கள், அது பண்டிகையின் பங்கு. தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம் செய்ய முடியாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பச் சொல்கிறது நெகேமியா 8:10. முந்திரிக்கொத்து நன்றாக வறுத்த தேங்காயில் செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், சிறுபயறு இருப்பதால் வயிற்றுக்கும் தாங்கும். பல் இல்லாதவர்களுக்கு அது கல். அவர்களுக்குக் கேக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர் என்று நோட்டில் எழுதியிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு ஒரு சின்னத் துண்டு. இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள்.

துணி, பாய், செருப்பு

டிசம்பரில் நம் ஊரில் குளிர் பெரிதில்லை, ஈரம்தான் ஆளை வாட்டுகிறது. கம்பளி நனைந்தால் தூக்க முடியாது, இரண்டு நாளைக்குக் காயாது, பிறகு நாறும். மூன்றாம் நாள் அது பேருந்து நிலையத்தின் மூலையில் கிடக்கும். அதே காசுக்கு ஒரு பருத்திப் போர்வை, ஆறடிக்கு மூன்றடித் தார்ப்பாய்த் துண்டு, மடக்கி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் பாய் மூன்றும் வாங்கலாம். கோரைப்பாய் ஈரத்தை உறிஞ்சும். தார்ப்பாய் கடைகளில் சுருளாக வாங்கி வெட்டிக்கொண்டால் மலிவு. வெட்டிய ஓரத்தை மடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் நார் நாராகப் பிரியும்.

ஆண்களுக்கு இரண்டு சாரம் (லுங்கி), ஒரு தோர்த்து (துண்டு), ஒரு அரைக்கைச் சட்டை. சாரம் உடுக்கவும் ஆகும், போர்த்தவும் ஆகும், விரிக்கவும் ஆகும். பெண்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெண்கள்தான் கேட்க வேண்டும். நைட்டி வசதி, ஆனால் வயதான அம்மாமார் பலர் வெளியிடத்தில் நைட்டி உடுத்த மாட்டார்கள். சேலை கொடுத்தால் உள்பாவாடையும் சேர வேண்டும். ரவிக்கை அளவு கேட்டுத் தைத்துக் கொடுப்பது உங்கள் சபையில் தையல் தெரிந்த ஒருவருக்கு அரை நாள் வேலை. உள்ளாடையும், இளம்பெண்களுக்கு நாப்கினும் வெளியே தெரியாத துணிப்பையில்.

பழைய துணி சேகரிக்கிறீர்கள் என்றால் தரம் பிரிக்க ஒரு நாளை ஒதுக்குங்கள். பொத்தான் போனது, ஜிப் போனது, கறை போகாதது, நடுவில் கிழிந்தது எல்லாம் துடைக்கும் துணிக்குப் போகட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை கோயிலுக்கு உடுத்திப் போகத் தயங்கும் துணியைக் கொடுக்காதீர்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, அளவு எழுதிய சீட்டைக் குத்தி வையுங்கள். செருப்பு மட்டும் புதிதாக இருக்கட்டும். கணக்கெடுப்பில் குறித்த அளவில், கால் புண் இருந்தால் ஒரு அளவு பெரிதாக, பின்வார் உள்ளதாக.

கடைசியாக ஒரு பை. ஜிப் வைத்த கனமான துணிப்பை, தலைக்கு வைத்துப் படுக்கும் அளவு. தெருவில் முதலில் திருட்டுப் போவது மருந்தும் ஆதார் அட்டையும்தான். பை இருந்தால் அவை தலைக்குக் கீழே இருக்கும்.

சவர பிளேடு கொடுப்பதைவிட, ஒரு காலையில் முடிதிருத்துபவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு புது பிளேடு. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது, ரத்தத்தால் பரவும் மஞ்சள்காமாலையும் எச்.ஐ.வி.யும் அதில் பரவக்கூடும். யாரையும் மொட்டையடிக்க வேண்டாம், அவர் கேட்டால் ஒழிய.

வீடு உள்ள ஏழைகளுக்கு

மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் வழிந்து போகும். செங்கல் சூளையில் பச்சைக்கல் காயாது. கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது. கிறிஸ்துமஸ் வருகிற சமயத்தில்தான் இந்த வீடுகளில் கூலி நிற்கிறது. சபைகள் வழக்கமாகக் கொடுப்பது 5 கிலோ அரிசி மூட்டை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. அந்த வீட்டில் குறைவது அரிசி இல்லை, அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட வைக்கிற மற்ற எல்லாமும்தான். நான்கு பேருள்ள வீட்டுக்கு: தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், துவரம்பருப்பு ஒரு கிலோ, சிறுபயறு ஒரு கிலோ, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கால் கிலோ வீதம், தேயிலை கால் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முட்டை 15, துணி சோப்பு இரண்டு, குளியல் சோப்பு இரண்டு. பண்டிகைச் சோற்றுக்கென்று இரண்டு கிலோ நல்ல சம்பா அரிசி சேர்த்தால் சந்தோஷம்.

இதைவிட நல்ல வழி, அந்த ஊர் மளிகைக் கடையில் பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டுக் கொடுப்பது. வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். யாருக்கு எவ்வளவு என்று ஊருக்குத் தெரியாது. பீடி, சிகரெட்டுக்கு ஆகாது என்று மட்டும் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். பல வீடுகளுக்கு அதே கடையில் பழைய பற்று இருக்கும். அதில் ஒரு பகுதியை அடைத்துக் கொடுத்தால் ஜனவரியில் கடைக்காரர் மறுபடி கடன் கொடுப்பார். வெளியே தெரியாத உதவி, ஆனால் அந்த வீட்டம்மா தலை நிமிர்ந்து கடைக்குப் போகிற உதவி.

யாருக்கு என்பதை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மூவரும் ஒரே குடும்பத்து ஆட்களாக இருக்க வேண்டாம். சந்தா கட்டாதவர், கோயிலுக்கு வராதவர், பக்கத்து இந்து வீடு, முஸ்லிம் வீடு, சூளையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் குடும்பம் எல்லோரும் பட்டியலுக்குள் வர வேண்டும். பையோடு கைப்பிரதி வைக்காதீர்கள். பசித்தவர் வாங்கும்போது வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அந்த நேரத்தில் சொல்லும் சுவிசேஷம் அவருக்கு விலையாகத்தான் படும். விசுவாசத்தைப் பற்றி அவராகக் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

மேடையில் பெயர் வாசித்து, வரிசையில் வரவழைத்து, போட்டோ எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதை அந்த மேடையில் நின்றே மீறுகிறோம். அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு ஒருவர் மட்டும் சைக்கிளிலோ பைக்கிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பிள்ளைகளுக்கு உடுப்பும் விளையாட்டுச் சாமானும் வாங்கினால் அப்பா, அம்மா கையில் கொடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கிற பாக்கியம் பெற்றோருடையதாக இருக்கட்டும்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குப் போக நினைப்பவர்கள் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். என்ன வேண்டும் என்று குடியிருப்பின் மூப்பனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பணம்

தெருவில் இருப்பவருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கொடுக்கலாம். 500 ரூபாய்த் தாளாகக் கொடுக்காதீர்கள். சில்லறை கேட்டால் எங்கே எடுத்தாய் என்று அவரைத்தான் கேட்பார்கள், இரவில் அடித்துப் பிடுங்கவும் செய்வார்கள். 20, 50 ரூபாய்த் தாள்கள் போதும். குடித்துவிடுவார் என்று பயந்தால் பக்கத்துச் சாயாக்கடையில் முன்பணம் கட்டுங்கள். ஒருவருக்குத் தினம் ஒரு சாயாவும் இரண்டு இட்லியும் அல்லது ஆப்பமும் என்று பத்து நாளைக்கு. கடைக்காரர் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்ளட்டும். மூன்று நாள் கோடு விழாவிட்டால் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க அந்த நோட்டே காரணமாகும்.

கேரல் பவனியில் கிடைக்கும் காணிக்கையில் எவ்வளவு இதற்கு என்று வீட்டுப் படி ஏறுமுன்பே முடிவு செய்து, போகிற வீடுகளில் சொல்லுங்கள். இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கை ஜனவரிக்கென்று தொடாமல் வையுங்கள். வரவு செலவைச் சபையில் வாசிக்கலாம், வாங்கியவர்கள் பெயரை வாசிக்கக் கூடாது.

மனநிலை பாதித்து அலைகிறவர்கள்

வடகிழக்கிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸும் ஜம்மு பக்கத்திலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரியில் முடிகின்றன. வழி தெரியாமல் ரயில் ஏறியவர் கடைசியில் இறங்குகிற இடம் நம் மாவட்டம். தமிழ் புரியாமல் பேசாதிருப்பவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் கட்டட வேலை செய்யும் அசாம், வங்காளம், பீகார் தம்பிகள் யாரையாவது அழைத்துவந்து பேசச் சொல்லுங்கள்; தாய்மொழியில் நாலு வார்த்தை கேட்டதும் வீட்டு போன் நம்பரைச் சொன்னவர்கள் உண்டு.

உண்மையிலேயே மனநலம் குன்றித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும். நாமே வேனில் ஏற்றி எங்கேயாவது ஒரு இல்லத்தில் விடுவது தவறு. அவரைத் தேடும் குடும்பத்துக்குப் பிறகு தடமே கிடைக்காது. ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. ஆதரவற்ற முதியவருக்கு 14567, பெண்ணுக்கு 181, பிள்ளைக்கு 1098.

மழை இரவில் பங்கு மண்டபத்தைத் திறப்பது

நாகர்கோவில் மாநகராட்சியில் ஆதரவற்றோர் தங்குமிடம் பற்றிப் பகலிலேயே விசாரித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்தனை இடம், என்ன அடையாள அட்டை கேட்பார்கள் என்று தெரிந்துவையுங்கள். இடம் இல்லாத இரவுகளுக்கு மண்டபம் தயாராக இருக்கட்டும். ஆளுக்கு 50 சதுர அடி என்பது நகர்ப்புறத் தங்குமிடங்களுக்கான அளவு. 1000 சதுர அடி மண்டபத்தில் 20 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாளோடு, பெண் தொண்டர் ஒருவர் கூடவே. ஆண்கள் பக்கம் இருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். கழிப்பறை விளக்கு அணையக் கூடாது. நனைந்த துணி காயப்போட ஒரு கயிறு, கொசுவர்த்தி, வாசலில் கால் துடைக்கச் சாக்கு. குடித்து வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் வராந்தாவில் தனியாகப் படுக்க இடம் கொடுங்கள். உள்ளே விட்டால் சண்டை வரும், வெளியே விட்டால் மழையில் விழுந்து கிடப்பார். அவருடைய பையும், இருந்தால் நாயும் அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். நாயை விட்டுவிட்டு வரச் சொன்னால் அவர் மழையிலேயே இருந்துவிடுவார்.

ஜனவரியில் செய்வது

ஒதுக்கி வைத்த நான்கில் ஒரு பங்குக்கு இப்போது வேலை. முதியோர் ஓய்வூதியமும் விதவை ஓய்வூதியமும் 2023-இல் மாதம் 1200 ரூபாய் ஆயின. தெருவில் இருக்கும் தகுதியுள்ள பலருக்கு அந்த ஓய்வூதியம் கிடைப்பதில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆதார் தொலைந்துவிட்டது, அல்லது அதிலுள்ள முகவரி எப்போதோ விட்டு வந்த வீடு. ஆதார் எண் நினைவில்லாவிட்டாலும் விரல் ரேகை வைத்து ஆதார் மையத்தில் கண்டுபிடிக்க முடியும். முகவரிக்கு ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் சட்டமன்ற உறுப்பினரோ மாமன்ற உறுப்பினரோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்திடலாம். படிவத்தில் போட்டோ ஒட்டி, போட்டோவின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். அது இல்லாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு இ-சேவை மையத்தில் ஓய்வூதிய விண்ணப்பம். ஒவ்வொரு நடைக்கும் ஒரே ஆள் கூடப் போகட்டும். ஆள் மாறினால் பாட்டா முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், மூன்றாம் தடவை அவர் வர மாட்டார். விண்ணப்ப எண்ணை உங்கள் நோட்டிலும் எழுதி, அவருடைய பையில் வைக்கும் சீட்டிலும் எழுதி, சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள்.